புது ஸ்பிரிங், பழைய அழுக்கு

"புதுசு போட்டதே தெரியக் கூடாது. பார்த்தா அழுக்கா இருக்கணும்."

பட்டறைக்காரம்மா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். பழசைத் துடைத்துப் புதுசாகக் காட்டச் சொல்லி வந்தவர்கள் உண்டு. அவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியும் இருக்கிறாள். புதுசைப் பழசாக்கித் தரச் சொல்லி ஒருவர் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். வயசான கார். பின்பக்க மூலையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. ஷாக் அப்சர்பர் அத்தனையும் அவுட். ஸ்பிரிங்கும் சோர்ந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் பாடியில் ஒரு கீறல் கிடையாது. யாரோ கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கிறார்கள்.

"வண்டி உங்களோடதா சார்?"

"மாமனாரோடது. அவருக்குத் தெரியாம எடுத்துட்டு வந்திருக்கேன்."

சரிதான், என்று நினைத்துக்கொண்டாள். மாமனார் வண்டியில் கை வைக்கிற மாப்பிள்ளை. எங்கேயோ கழட்டின உருப்படியை மாட்டச் சொல்வார், பழிபாவம் பட்டறை மேல் விழும்.

ஆழம் பார்க்க, இருப்பதிலேயே மட்டமான ஸ்பிரிங்கை எடுத்து வைத்தாள். அவர் அதைத் தொடக்கூட இல்லை. நல்லதாக எல்லா வகையும் காட்டச் சொன்னார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவளும் விவரம் சொன்னாள். தடியான ஸ்பிரிங் பாரம் தாங்கும், ஆனால் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் சீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ரொம்ப மெத்தென்று இருப்பது முதலில் சுகமாக இருக்கும், திருப்பத்தில் வண்டி சாயும்.

"இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க உட்கார்ந்து போகணும். வலி தெரியாம. அதுக்கு எது சரி?"

பட்டறைக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அப்புறம்தான் அவர் மெதுவாகச் சொன்னார். ஆபரேஷன் ஆனது மாமியாருக்கு. உடற்பயிற்சி சிகிச்சைக்கு வாராவாரம் மாமனாரேதான் காரில் கூட்டிப் போகிறார். வேறு வண்டி வேண்டாம், வேறு யாரும் ஓட்டவும் வேண்டாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டுப் பொறுப்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கைமாறிப் போனது. அவர் கையில் மிச்சம் இருப்பது இந்த ஒரு காரியம்தான். "வாங்கினப்போ இருந்த அதே ஸ்பிரிங். எப்படி மிதக்குது பார்த்தியா" என்று இன்றைக்கும் பெருமை அடிப்பார். பக்கத்து சீட்டில் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் போடுவார்.

"வலிக்குதுன்னு சொன்னா அவர் ஓட்டுறதையே விட்டுடுவார்னு அத்தை பயப்படுறாங்க. அவரா கேட்காம நான் மாத்தினேன்னு தெரிஞ்சாலும் மனசு விட்டுப் போயிடும்."

அவளுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. கம்பெனி அளவிலேயே ஸ்பிரிங், அதற்குத் தோதாக நல்ல ஷாக் என்று அவளே தேர்ந்தெடுத்தாள். வண்டி ஒரு விரற்கடை உயரும், அதை மட்டும் மறைக்க முடியாது என்றாள். வேலை முடிந்ததும் கழிவு ஆயிலில் தரைத் தூசியைக் குழைத்து, புது ஸ்பிரிங் மேல் தன் கையாலேயே தடவிவிட்டாள். சாயங்காலம் வண்டி வீட்டுக்குப் போய்விட்டது.

சில வாரம் கழித்து அதே கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் ஒரு பெரியவர்.

"பக்கத்து வீட்டுக்காரர் அன்னைக்கு என் வண்டியை இங்கே பார்த்தாராம். ஸ்பிரிங் போட்டது நீங்கதானாம்மா?"

"ஐயா, மாப்பிள்ளை மேல கோபப்படாதீங்க..." என்று ஆரம்பித்தாள்.

பெரியவர் கையமர்த்தினார். வண்டி தெருமுனை தாண்டுவதற்குள்ளேயே தனக்குத் தெரிந்துவிட்டது என்றார். ஓட்டுகிறவனுக்குத் தன் வண்டி தெரியாதா? இப்போது வந்தது வேறு விஷயத்துக்கு. நேற்று வாட்டர் வாஷுக்கு விட்டதில், அடியில் பூசியிருந்த அழுக்கெல்லாம் போய் ஸ்பிரிங் பளபளவென்று தெரிகிறது.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வராரு. என்கூடப் பேசிக்கிட்டே வண்டிக்கு அடியில ஒரு பார்வை பார்ப்பாரு, தெரியும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிய வேண்டாம். பழையபடி பூசிவிட்டுடுங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஆயில் டப்பாவை எடுத்தாள். குனிந்து பூசிக்கொண்டே, வீட்டில் அம்மாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

பெரியவர் கார் கதவைத் திறந்து, உள்ளே மேலே இருந்த கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார்.

"வீட்டுல இருந்து கிளம்பினா, போய்ச் சேர்ற வரைக்கும் இதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் வருவா. பழக்கம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ ரெண்டு கையும் மடியில வச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்துக்கிட்டு வரா. அப்பதான் எனக்கு உறைச்சுதும்மா."

பட்டறைக்காரம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஸ்பிரிங் மாத்தினது அவங்களுக்குத் தெரியுமா ஐயா?"

"தெரியாம இருக்குமா? கேட்டுடலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. 'இப்பல்லாம் எவ்வளவு பதமா ஓட்டுறீங்க'ன்னா."