எண்ணெயில் கஸ்தூரி

“அண்ணாச்சி, உங்க மூலிகை எண்ணெய்ல செயற்கைக் கஸ்தூரி இருக்கு. செண்டுல போடுத கெமிக்கல்.”

நான் இப்படிச் சொன்னதும், ஐந்தருவியில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஆவுடைநாயகத்துக்கு முகம் வெளுத்தது.

“யம்மா சஃப்ரின், நானே காய்ச்சுதேன். செண்டு பக்கத்துல வந்தாலே எனக்குத் தும்மல் வரும்.” சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை தும்மினார். “கலப்படம் இல்லன்னு நீங்க எழுதித் தந்தாத்தான் கொல்லத்து வியாபாரி சரக்கு எடுப்பாரு.”

எங்கள் ஆய்வகக் கருவி எண்ணெயை ஆவியாக்கி, அதிலுள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறின் எடையையும் துல்லியமாகப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடும். மனிதர்கள் மறைப்பார்கள், அது மறைக்காது. அதை இயக்குகிறவள் என்பதில் எனக்குள் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் கெஞ்சியதால் புதிதாக எண்ணெய் எடுத்து மறுபடி சோதித்தேன். அதே கஸ்தூரி.

“எண்ணெயே இல்லாம, வெறும் கரைப்பானை மட்டும் ஓட்டிப் பாரு” என்றாள் உடன் வேலை செய்யும் யோகலட்சுமி.

ஓட்டினேன். அதிலும் கஸ்தூரி!

நான் திகைத்துப்போய்க் கரைப்பான் குப்பியை அவளிடம் நீட்டினேன். அண்ணாச்சி மறுபடியும் தும்மினார். யோகலட்சுமி குப்பியை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

“ஏட்டி, அத்தர் மணக்கு! உன் மாப்பிள்ளை துபாய்லருந்து எப்பம் வந்தாவ?”

நேற்றுதான் வந்தார், அத்தரோடு. கேலி செய்வாளே என்று நான் மறைத்திருந்தேன். கருவி மறைக்கவில்லை.