கீறல் விழாத வண்டி

நொறுங்கிய காரின் பின்சீட்டுக்கு அடியில் கையை விட்டு, வாத்தியார் தன் மகளின் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கார். முந்தாநாள் லாரியின் பின்னால் போய் மோதியதில், முன்பக்கம் மிதிபட்ட தகர டப்பா மாதிரி மடங்கிக் கிடந்தது.

மகள் என் பட்டறை வாசலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டிருந்தாள். வாத்தியாருக்கு நெற்றியில் ஒரு சின்ன பிளாஸ்திரி. அவ்வளவுதான் சேதம்.

இந்தக் காலத்துக் கார்களெல்லாம் தகர டப்பா என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அதனாலேயே எனக்கு 'இரும்பு மெக்கானிக்' என்று பேர். அப்படிப் பேசுவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. பேர்தான் விட்டபாடில்லை.

செருப்பு கிடைத்து நிமிர்ந்தவரின் பார்வை மூலையில் நின்ற என் பழைய வண்டிமேல் விழுந்தது.

அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. தினமும் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக அதற்குச் சாவி போடுவேன். ஒரே திருப்பில் கிளம்பிவிடும். உடனே அணைத்துவிடுவேன். வெளியே எடுப்பதில்லை.

அதைத் தனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். பெண்டாட்டி பிள்ளையை இனி தகர டப்பாவில் ஏற்றுவதாக இல்லையாம். என் சரக்கையே எனக்குத் திருப்பி விற்றார் மனுஷர்.

கேட்ட வேகத்தில் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். முன்பலகையைத் தட்டிப் பார்த்தார். கெட்டி இரும்பு. இது எங்கேயாவது மோதியிருக்கிறதா என்று கேட்டார்.

ஒரே ஒரு தடவை, புளியமரத்தில், என்றேன். ஹெட்லைட் கண்ணாடி ஒன்று உடைந்தது. வேறு ஒரு கீறல்கூட இல்லை.

அவர் முகம் மலர்ந்தது. மனதுக்குள் மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தே பார்த்துவிட்டார் போல.

அப்போதுதான் அவர் கையில் சீட் பெல்ட் தட்டுப்பட்டது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பெல்ட். இந்த வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் பெல்ட்டே கிடையாதே என்றார்.

"என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்தா, ஒரு பெல்ட் போட்டுக் குடுங்கப்பான்னு. ஓட்டை போட்டா பாடி பாழாயிடும்னு நான்தான் போடல."

அவர் கை பெல்ட்டை விட்டுவிட்டது.

அவளுக்கென்று ஒரு குட்டிக் கார் இருந்தது. தகர டப்பா வேண்டாம், இதை எடுத்துக்கொண்டு போ என்று அன்றைக்குச் சாவியைக் கொடுத்தவனும் நான்தான். மரத்தில் மோதிய அடியை இந்த இரும்பு துளியும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள்தான் வாங்கிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள், டிரில்லை எடுத்து நானே ஓட்டை போட்டு அந்த பெல்ட்டை மாட்டினேன்.

வாத்தியார் இறங்கினார். போகிறபோது தன் காரின் மடங்கிய முன்பக்கத்தின்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தார். பிறகு வாசலில் குனிந்து மகளின் காலில் செருப்பை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை வழக்கம்போலச் சாவி போட்டேன். இன்றைக்காவது கிளம்பாதே என்று, வழக்கம்போல, மனதுக்குள் கெஞ்சினேன்.

ஒரே திருப்பில் கிளம்பியது.