கையெழுத்து விழாத ஊசி

தண்ணீர்த் தொட்டி மாதிரி உயிரணுக்களை வளர்த்து மருந்து எடுக்கும் தொட்டியும் ஊருக்கொன்று வந்துவிட்ட காலம் அது. சங்கரன்கோவில் தொட்டியில் விளைந்த மூட்டுவாத மருந்தை முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் அசல் மருந்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடுவது இசக்கியம்மாளின் வேலை. அவள் பெயர் அச்சாகாத ஊசி வெளியே போகாது. அவளுக்கு முன் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் கைநாட்டு.

அன்று வந்த மருந்தைச் சோதித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அசல் கம்பெனி மருந்தே ஒரு தடவை மாதிரி மறு தடவை இருக்காதும்மா," என்றார் மேலாளர் தேவசகாயம். "கையெழுத்தைப் போட்டு அனுப்பு. உங்கம்மாவுக்கும் இதுதான் ஊசி."

"அந்த வித்தியாசத்துக்கும் ஒரு எல்லை வச்சிருக்கு சார். இது அதைத் தாண்டிருச்சு. எங்கம்மாவுக்கு மட்டுமில்ல, யாருக்கும் போகாது."

மருந்தை அழித்தார்கள். அடுத்தது விளைய மூன்று வாரம் ஆனது. அம்மா பேச்சிக்கு விரலெல்லாம் வீங்கி, சோறு பிசையக்கூட முடியவில்லை.

புது மருந்து வந்த அன்று, ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நின்றவள் புலம்பினாள். "எவளோ கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டாளாம். நம்ம வலி அவளுக்கென்ன தெரியும்?"

துணைக்கு வந்திருந்த இசக்கி வாயைத் திறக்குமுன், பேச்சி வீங்கிய கையால் மகளின் தோளைப் பிடித்து முன்னே இழுத்தாள்.

"நல்லாத் தெரியும் தாயி. மூணு வாரமா எனக்குச் சோறு ஊட்டுறதே அவதான். எம் மவ."