மூன்று தட்டு பாப்கார்ன்

ஆபீசில் நூறு பேரை மேய்க்கிற மேனேஜர், மகளின் பிறந்தநாளை முன்னிட்டு அன்று சமையலறைக்கும் பொறுப்பேற்றிருந்தார். பொரித்த சோளத்தில் கலர் கலராகச் சர்க்கரைப் பாகைப் பூசி, மூன்று தட்டுகளில் ஆறவைத்திருந்தார்.

"சிவப்பு, பச்சை, மஞ்சள். கடையில வாங்கினாகூட இப்படி வராது," என்றார் மனைவியிடம்.

அவள் மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்து மென்றாள். "நான் எடுத்து வச்ச எசென்ஸ் பாட்டிலெல்லாம் எங்கே?"

"அதெல்லாம் எதுக்குடி? எல்லாத்துக்கும் வெனிலாவே ஊத்திட்டேன். ஒரே தரமா இருக்கணும்ல. நிர்வாகம்னா அதுதான்."

"சிவப்புக்கு ஸ்ட்ராபெர்ரி, பச்சைக்கு எலுமிச்சை, மஞ்சளுக்கு அன்னாசின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"கலர்தான் பளிச்சுனு தெரியுதே. தின்னு பார்த்தா கலரைக் கண்டுபிடிக்கப் போறாங்க?"

மனைவி பதில் சொல்வதற்குள் மகள் சுவரைத் தடவியபடி வந்துவிட்டாள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது அவள் பார்வையையும் கொண்டுபோயிருந்தது.

"ஒண்ணு குடுங்கப்பா. எது என்ன கலர்னு நானே சொல்றேன்னு பிரெண்ட்ஸ்கிட்ட பந்தயம் கட்டியிருக்கேன். நீங்க ஆபீஸ் போனப்புறம் அம்மாவும் நானும் தினமும் பழகினோம்."

 அவளே தட்டைத் தேடி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். பக்கத்துத் தட்டுகளிலிருந்தும் ஒவ்வொன்று. முகம் மெல்லச் சுருங்கியது.

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா. எனக்கு நாக்கும் போயிடுச்சா?"

மேனேஜர் அடுப்பை மறுபடி பற்றவைத்தபடியே சொன்னார்:

"நாக்கு போகலடா தங்கம். அப்பாவுக்குத்தான் மூளை போயிடுச்சு."