டயரின் ஓரம்

ஆறு நாள் மலைப்பாதைகளில் தனியாக பைக் ஓட்டிவிட்டு வந்த தமயந்தி, நேராக மெக்கானிக் இருதயராஜின் கடைக்குப் போய் நின்றாள். புது டயர் மாட்டிய அன்று, “வளைவுல வண்டியச் சாய்க்கப் பயப்படுவீங்கக்கா, மலையெல்லாம் வேணாம்” என்று சொன்னவர் அவர்தான். இப்போது பின்சக்கரத்தின் அருகே குந்தினார். புது டயரின் ஓரத்தில் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள், வண்டியை நன்றாகச் சாய்த்து ஓட்டினால்தான் தேயும். வலது ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. இடது ஓரத்தைத் தடவிக்கொண்டு போன விரல் ஓரிடத்தில் நின்றது.

“எனக்கே இப்படித் தேஞ்சதில்லக்கா. இங்க ஒண்ணே ஒண்ணுதான் நிக்குது. புடுங்கி விட்ரட்டுமா?”

“கைய எடுங்க. நானே பாத்துக்கிறேன்.”

கழற்றப்போன ஹெல்மெட்டின் வாரை மறுபடியும் இறுக்கினாள் தமயந்தி.