உதடு பிந்துகிறது

தக்கலை பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியறையில் ஒரு வீடியோ கேமை அனிமே கார்ட்டூன் படமாக எடுக்கிறார்கள். படமும் ஒலியும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் அஜிதா, ஹெட்போனைக் காதோடு அழுத்தியபடி, வாள்வெட்டுப் படும் பாத்திரத்தின் அலறலை ஏழாம் முறையாகக் கேட்கிறாள். கீழே பஸ் ஹாரன் அடிக்க, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "கொரலு முந்திப்போச்சு மக்கா. வேற ஆளை வச்சு எடுப்போம்" என்கிறார் பின்னால் நிற்கும் ஜெஃப்ரின். நிறுவனம் அவருடையது, படம் வரைந்தவரும் அவர்தான். குரல் கொடுத்த பிரிஜா சுவரோரம் தலைகுனிந்து நிற்கிறாள். அஜிதா காட்சியை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறாள். வாள் தோளில் படும் அதே நொடியில் அலறல் எழுகிறது. படத்தில் வரைந்த வாய் அதற்குப் பிறகே திறக்கிறது. "கொரலு சரியாத்தான் இருக்கு அண்ணே. வாயைத்தான் மாத்தி வரையணும்." ஜெஃப்ரின் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, மூன்று முறை ஓட்டிப் பார்க்கிறார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பென்சிலை எடுக்கிறார்.