பாரோமீட்டர் காட்டிய புயல்

படகு கிளப்பின் வராந்தாச் சுவரில் ஒரு பழைய பாரோமீட்டர் தொங்கியது. வானிலை எப்படி மாறும் என்று முள்ளால் காட்டுவது அதன் வேலை. அதற்கு நேர் எதிரே, கரையோரத் தண்ணீரில், நீலாம்பரி என்ற பாய்மரப் படகு கட்டிக் கிடந்தது.

ஞாயிறுதோறும் நீலாம்பரியின் சொந்தக்காரர் ரங்கதுரை வருவார். பாரோமீட்டரின் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, படகு விட்ட பழைய கதைகளைப் பேசிவிட்டு மத்தியானம் கிளம்பிவிடுவார்.

"இன்னைக்கு என்ன காட்டினீங்கண்ணே?" என்று படகு கேட்கும்.

"நல்ல காத்து, தெளிஞ்ச வானம்னுதான் காட்டினேன்."

"அவர் வர்றாரா?"

"இன்னொரு காபி சொல்லியிருக்கார்."

இப்படியே இரண்டு வருஷம் போனது. படகின் அடியில் சிப்பி அப்பிவிட்டது. நல்லதையே காட்டிக் காட்டிப் பாரோமீட்டருக்கும் அலுத்துவிட்டது. ஒரு ஞாயிறு, வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் 'புயல்' மேல் நிறுத்தியது.

ரங்கதுரை தட்டிப் பார்த்தார். காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் படகில் ஏறி, பாய்மரத்தைத் தடவி, மூலைமூலையாகப் பார்த்தார். இன்னும் இரண்டு கயிறு போட்டு இறுகக் கட்டிவிட்டுப் போனார்.

பாரோமீட்டருக்கு என்னவோ போலிருந்தது. "மன்னிச்சுக்கம்மா. இப்படி ஆகும்னு நினைக்கல," என்றது.

கயிறு இறுக்கியதில் படகால் முன்போல ஆடக்கூட முடியவில்லை.

"பரவால்லண்ணே," என்றது. "அடுத்த ஞாயிறும் புயல்னே காட்டுங்க."